வானொலிப் பெட்டிக்குள் ஒரு ரிவால்வர்

போன மாதம் நம் பழம்பொருள் வியாபாரிகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தங்கை படம் ஒன்றைப் போட்டிருந்தாள். மேசைமேல் விரித்த துண்டில் பழைய ரிவால்வர். மரக் கைப்பிடி, துருவேறிய குழல். கீழே எழுதியிருந்தாள்: "வீடு காலி பண்றவங்க குடுக்குறாங்க. ரொம்பப் பழசு. ஆன்டிக்லதானே வரும்? வாங்கலாமா?"

நான் பதில் எழுதவில்லை. உடனே அவளைக் கூப்பிட்டேன்.

"இப்ப நீ எங்க இருக்க?"

"அந்த வீட்டு ஹால்லதான்க்கா."

"கையில எடுத்தியா?"

"இல்ல. அவங்கதான் எடுத்து வச்சாங்க."

"தொடாத. உன் வேன்ல ஏத்தாத. வீட்டுக்காரங்க பக்கத்துல இருக்கும்போதே போலீஸுக்குப் போன் பண்ணு. போலீஸ் வர்ற வரைக்கும் அங்கயே நில்லு."

அவள் அப்படியே செய்தாள். அன்று சாயங்காலமே அவளுக்கு அந்த விஷயம் முடிந்துவிட்டது. மறுநாள் என்னிடம் சொன்னாள்: "அக்கா, துப்பாக்கியப் பாத்துக்கூட நான் பயப்படல. உங்க குரலக் கேட்டுத்தான் பயந்துட்டேன்."

அந்தக் குரல் எனக்கு எங்கிருந்து வந்தது என்று அவளுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அவளுக்கு மட்டும் சொல்வதைவிட, இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் சொல்லலாம் என்றுதான் எழுதுகிறேன்.

நீங்கள் இணையத்தில் பார்க்கும் காணொளிகளை நானும் பார்க்கிறேன். அமெரிக்காவில் ஒருவர் மேசைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, எந்த மாநிலத்தில் எவ்வளவு பழைய ரிவால்வருக்கு உரிமம் வேண்டாம், எதைத் தபாலில் வாங்கலாம் என்று விளக்குகிறார். கேட்கச் சுவாரசியமாகத்தான் இருக்கிறது. அது அந்த ஊர்ச் சட்டம். இங்கே துப்பாக்கி சுடும் சங்கத்தில் உறுப்பினராக இருப்பவர்கூடத் தன் துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. பழசா புதுசா, சுடுமா சுடாதா என்பதையெல்லாம் முடிவு செய்யும் இடத்தில் நாம் இல்லை. மேசை, கடிகாரம், பீங்கான் என்றால் வயதைச் சொல்வது நம் வேலை. ரிவால்வரின் வயதைச் சொல்வது நம் வேலை இல்லை. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன் நடந்தது இது. ஜாலான் புசாருக்குப் பின்னால் உள்ள ஒரு தெருவில், இரும்புச் சாமான் கடைகளுக்கு நடுவே எங்கள் கடை இருந்தது. முதலாளி ஒரு சீனர். அவரை நான் கடைசி வரைக்கும் தவுக்கே என்றுதான் கூப்பிட்டேன். முட்டிவலி வந்தபிறகு அவர் கடைக்கு வருவது குறைந்துவிட்டது. வீடுகளுக்குப் போய்ப் பார்ப்பது, வாங்குவது, விற்பது எல்லாம் என் பொறுப்பு.

ஒரு சனிக்கிழமை காலை, புக்கிட் மேராவில் ஒரு வீட்டைக் காலி செய்யக் கூப்பிட்டிருந்தார்கள். வீட்டுக்காரர் மிஸஸ் தம்பையா. யாழ்ப்பாண வழி வந்த குடும்பம். பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்து ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. தனியாக இருக்க முடியவில்லை என்று சிராங்கூனில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகப்போகிறார். ஒடிசலான உருவம். வெள்ளைப் புடவை. நான் உள்ளே போனதும் தேநீர் போட்டுத் தந்தார். எதற்கும் பேரம் பேசவில்லை.

"எல்லாத்தையும் கொண்டு போங்கோ, பிள்ளை. ஒண்டும் மிச்சம் வைக்காதேங்கோ."

வரவேற்பறை மூலையில் ஒரு பழைய வால்வு வானொலி இருந்தது. தேக்குப் பலகைப் பெட்டி, முகப்பில் துணி. அந்தக் காலத்தில் வீட்டின் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்திருக்குமே, அந்த ரகம். பின்பலகையின் திருகாணிகள் மேல் பழுப்புச் சாயம் பூசியிருந்தது. திறந்து எத்தனையோ காலம் ஆகியிருக்கும் என்று தெரிந்தது. சேகரிப்பவர்களுக்குக் கை படாத பெட்டி என்றால் உயிர். அதனால் அங்கே அதைக் குடைய வேண்டாம், கடையில் நல்ல வெளிச்சத்தில் பக்குவமாகத் திறக்கலாம் என்று முடிவு செய்தேன். அன்றைக்கு அது தவறான முடிவாகத் தோன்றவில்லை. வேனில் ஏற்றும்போது கொஞ்சம் கனமாக இருந்தது. அந்த ரகம் கனமாகத்தான் இருக்கும்.

கிளம்பும்போது மிஸஸ் தம்பையா லிஃப்ட் வரை வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. வயதானவர்கள் வீட்டை விட்டுப் போகும்போது இப்படித்தான் இருப்பார்கள் என்று நானும் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

பிற்பகல் கடைக்கு ஜெரால்ட் வந்தார். எங்கள் பழைய வாடிக்கையாளர். நகரத்தில் பெரிய நிறுவனத்தில் வேலை. பழைய ராணுவப் பதக்கங்கள், தொப்பிகள், சீருடைப் பொத்தான்கள் சேர்ப்பவர். இனிமையாகப் பேசுவார். வானொலியைப் பார்த்ததும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "வாங்கக்கா, நான் பிடிச்சுக்கறேன், நீங்க திருகாணியக் கழட்டுங்க" என்றார்.

பின்பலகை வந்துவிட்டது. வால்வுகளுக்குக் கீழே, இருக்கக்கூடாத இடத்தில், பழைய லுங்கித் துணியில் சுற்றிய ஒரு பொட்டலம் கம்பியால் கட்டப்பட்டிருந்தது. எண்ணெய் வாடை அடித்தது. யாரோ பணத்தை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஜெரால்ட் கம்பியைப் பிரித்துப் பொட்டலத்தை எடுத்தார். துணியை விலக்கினார்.

ரிவால்வர்.

துருவே இல்லை. எண்ணெய் பூசி, நேற்றுத்தான் துடைத்து வைத்தது போலக் கறுப்பாக மின்னியது. ஜெரால்ட் அதைக் குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் தூக்கினார். பிறகு ஒரு கைக்கு மாற்றி, வெளிச்சத்தில் பார்க்க வாசல் பக்கம் திரும்பினார். திரும்பும்போது குழல் என் வயிற்றைக் கடந்து போனது. வெளியே ஐந்தடி நடைபாதையில் ஒரு பெண் காய்கறித் தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். அவளையும் கடந்து போனது.

"அக்கா," என்றார் மெதுவாக. "உள்ள குண்டு இருக்கு."

சுழலும் உருளையின் பின்பக்கம் பித்தளை வட்டங்கள் தெரிந்தன.

"கீழ வைங்க," என்றேன். அது என் குரல் மாதிரியே இல்லை.

"ரிலாக்ஸ் லா, அக்கா. சும்மா வச்சுக்கிட்டு நின்னா வெடிக்காது."

"கீழ வைங்க, ஜெரால்ட்."

அவர் வைக்கவில்லை. அவர் முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். பயமே இல்லை. பசி மட்டும்தான் இருந்தது. நல்ல பொருளைப் பார்க்கும் சேகரிப்பாளனின் முகம் எனக்கு நன்றாகத் தெரியும். அந்த முகத்தை நம்பித்தான் இத்தனை வருடம் கடை நடந்தது. அன்று அதைப் பார்த்துப் பயந்தேன்.

"இதை நான் கொண்டுபோறேன்," என்றார். "குண்டை எடுத்துட்டு, உள்ள இருக்கற ஊசியக் கழட்டிட்டா இது சும்மா இரும்பு. கண்ணாடிப் பெட்டியில வச்சுக்குவேன். யாருக்கும் தெரியாது. நீங்க வாங்கினது ரேடியோ. ரேடியோல ஒண்ணும் இல்ல. அவ்வளவுதானே?"

ஒன்று சொல்கிறேன், மறைக்க வேண்டியதில்லை. ஒரு கணம் எனக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. இந்தப் பொருள் என் கடையை விட்டுப் போய்விட வேண்டும், எப்படியாவது, யார் கையிலாவது. பயம் வந்தால் மனிதருக்கு முதலில் வரும் எண்ணம் அதுதான். இந்த ஊரில் துப்பாக்கியை வைத்திருந்தால் வருடக்கணக்கில் சிறை என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அது என் கடை மேசையில், நான் வாங்கி வந்த பெட்டியிலிருந்து வெளியே வந்திருக்கிறது. யார் கேட்டாலும் அது என் துப்பாக்கி, வசந்தாவின் துப்பாக்கிதான்.

ஷட்டரை இறக்கலாம் என்று வாசலுக்குப் போனேன். கொக்கியைக் கையில் எடுத்தும்விட்டேன். அப்புறம் என்ன செய்வது என்று தெரியவில்லை. மற்றக் கையால் தவுக்கேயைக் கூப்பிட்டேன்.

எங்கள் இருவருக்கும் பொதுவான பேச்சு பாதி மலாய், பாதி ஆங்கிலம். இங்கே தமிழில் தருகிறேன். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் பதறவில்லை. திட்டவில்லை.

"நீ எங்கே நிற்கிறாய்?"

"வாசல்ல. ஷட்டரை இறக்கப் போறேன்."

"இறக்காதே."

"தவுக்கே, தெருவில போறவங்க பார்ப்பாங்க."

"பார்க்கட்டும். ஷட்டரை இறக்காதே. விளக்கை அணைக்காதே. கடை எப்படித் திறந்திருந்ததோ அப்படியே இருக்கட்டும். உள்ளே வேறு யார்?"

"ஜெரால்ட்."

"பொருள் மேசையிலா, அவன் கையிலா?"

"கையில."

"போனை அவன் கேட்கிற மாதிரி வை."

வைத்தேன். தவுக்கேயின் குரல் கடைக்குள் வந்தது. சந்தையில் மீன் விலை கேட்பது போலத்தான் பேசினார்.

"ஜெரால்ட், மேசையில் இருந்தால் அது யாரோ விட்டுப்போன பழைய சாமான். உன் பைக்குள் போனால் அது உன்னுடையது. உனக்கு எது வேண்டும்?"

ஜெரால்ட் என்னைப் பார்த்தார். திறந்திருந்த வாசலைப் பார்த்தார். எதிர்க்கடையில் இரண்டு பேர் குழாய்களை அளந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் எங்கள் பக்கம் சும்மா திரும்பிப் பார்த்தான். அவ்வளவுதான். ஜெரால்ட் ரிவால்வரைத் துணியோடு மேசையில் வைத்தார்.

ஷட்டர் இறங்கியிருந்தால் அவர் அதை வைத்திருப்பாரா? எனக்குத் தெரியாது. மூடிய கதவுக்குப் பின்னால் குண்டு போட்ட துப்பாக்கியோடு நானும் அவரும் இருந்திருப்போம். அதைப் பிறகு யாரிடம் எப்படி விளக்கினாலும் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். பயந்தவர்கள் முதலில் கதவைத்தான் மூடுவார்கள். தவுக்கே என்னை அதைச் செய்ய விடவில்லை. பின்னாளில் அவரிடம், அது எப்படித் தோன்றியது என்று கேட்டேன். "தெரியவில்லை. எனக்கும் பயம்தான்," என்றார்.

ஜெரால்ட் போகும்போது வாசலில் நின்று ஒன்று சொன்னார். இன்றைக்கும் அவர் மேல் எனக்குக் கோபம் வருவது அதை நினைக்கும்போதுதான்.

"போலீஸக் கூப்பிடுங்க, சரி. ஆனா அந்தப் பாட்டியம்மாவை இந்த வயசுல வண்டியில ஏத்திக்கிட்டுப் போவாங்க. அதைப் பார்க்க உங்களால முடியுமா? தெருவில பழைய சாமான் வாங்கிட்டுப் போற காராங்கூனிக்காரன் யாரோ ரேடியோவைக் குடுத்துட்டுப் போயிட்டான், பேரு தெரியாதுன்னு சொல்லுங்க. யாருக்கும் நஷ்டம் இல்ல. அப்புறம், நான் இங்க வரவே இல்ல."

போய்விட்டார். நான் போலீஸைக் கூப்பிட்டேன்.

அவர்கள் வரும்வரை நான் மேசைக்கும் வாசலுக்கும் நடுவில் நின்றேன். உள்ளே நிற்கவும் பயம், விட்டுவிட்டு வெளியே போகவும் பயம். அந்த நேரம் பார்த்து ஓர் அம்மாள் உள்ளே நுழைந்தார். அடுக்குச் சாப்பாட்டுப் பாத்திரம் இருக்கிறதா என்று கேட்டார்.

"கடை மூடிட்டோம்மா."

"கதவு திறந்துதானே இருக்கு? லைட்டும் எரியுது."

"மூடிட்டோம்மா. தயவு செஞ்சு போங்க."

"அதோ, அந்தத் துணிக்குப் பக்கத்துல இருக்கே, அதுதான்," என்று மேசைப் பக்கம் ஓர் அடி வைத்தார். அவர் கையைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டேன். வாடிக்கையாளரின் மேல் நான் கை வைத்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். திட்டிக்கொண்டே போனார். அவருக்கு இன்றுவரை விஷயம் தெரியாது.

முதலில் இரண்டு இளம் போலீஸ்காரர்கள் வந்தார்கள். ஒருவர் துணிக்குள் எட்டிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. தெருவில் போலீஸ் தடுப்புப் பட்டை கட்டினார்கள். பக்கத்துக் கடைக்காரர்களை வெளியேற்றினார்கள். என்னை ஒரு காரில் உட்காரச் சொன்னார்கள். கார்க் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். எத்தனையோ வருடம் காலையில் வணக்கம் சொன்ன முகங்கள் எல்லாம் எதிர்ப்பக்கம் வரிசையாக நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. யாரும் கையசைக்கவில்லை. தவுக்கே டாக்சியில் வந்து இறங்கினார். பட்டைக்கு வெளியே அவரை நிறுத்திவிட்டார்கள். ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு, கார் நகரும்வரை அவர் மட்டும் நின்றார்.

விசாரணை அறையில் குளிர் எலும்பைத் தொட்டது. அதிகாரி ஓர் இளைஞர், தமிழர். முதலில் ஆங்கிலத்தில் பேசினார். நான் திணறுவதைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார்.

"ஆன்ட்டி, இந்த ரேடியோ உங்களுக்கு எங்க இருந்து வந்துச்சு?"

சாதாரணக் கேள்விதான். நான் வாயைத் திறந்தேன். காராங்கூனிக்காரன் நாக்கு நுனியில் நின்றான். அவன் சட்டையின் நிறத்தைக்கூட நான் யோசித்து வைத்திருந்தேன் என்றால் நம்புவீர்களா? மிஸஸ் தம்பையா போட்டுத் தந்த தேநீர், லிஃப்ட் வாசலில் பிடித்த அந்தக் கை, எல்லாம் கண்முன் வந்தது. அந்த அம்மாளை இதே அறையில், இதே நாற்காலியில் உட்கார வைக்கப்போகிறேனா?

அதிகாரி காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை.

"புக்கிட் மேராவில ஒரு வீடு," என்றேன். முகவரியைச் சொன்னேன். பெயரைச் சொன்னேன். ஜெரால்டின் பெயரையும் சொன்னேன்.

நான் நேர்மையானவள், அதனால் சொன்னேன் என்று நினைத்துவிடாதீர்கள். பயத்தில்தான் சொன்னேன். அந்தக் காராங்கூனிக்காரனை உருவாக்கினால் அவனுக்கு ஒரு முகம் வேண்டும், ஒரு நேரம் வேண்டும், ஒரு வண்டி வேண்டும். நாளைக்கு வேறு அதிகாரி கேட்டாலும் அதே முகம், அதே வண்டி வேண்டும். அவ்வளவையும் காப்பாற்ற எனக்குத் தெம்பு இல்லை. உண்மையைச் சொல்லிவிட்டு, பாவம், ஒரு வயதான அம்மாளைக் காட்டிக்கொடுத்துவிட்டோம் என்று குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அவங்களை என்ன செய்வீங்க, தம்பி?"

"அத நான் சொல்ல முடியாது, ஆன்ட்டி. நீங்க அவங்களோட பேசக்கூடாது. போன்கூடப் பண்ணக்கூடாது."

என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு வந்த வாரங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நடைகூடத்தில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் சாப்பிடும் கை நின்றுவிடும். லிஃப்ட் எங்கள் மாடியில் நின்றால் மூச்சை அடக்கிக்கொள்வேன். காலையில் செய்தித்தாளைத் திறந்து, மூதாட்டி மீது வழக்கு என்று எங்கேயாவது போட்டிருக்கிறதா என்று தேடுவேன். இல்லை என்றால் நிம்மதி வராது, நாளைக்கு வரும் என்று தோன்றும். கடையைத் திறந்தபிறகும் மூடிய பெட்டி எதையும் என்னால் திறக்க முடியவில்லை. தவுக்கே முட்டிவலியோடு வந்து எனக்காகப் பெட்டிகளைத் திறந்து கொடுத்தார்.

கடைசியில் அந்த அதிகாரி கூப்பிட்டார். போனேன். கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். என்மேல் எந்த நடவடிக்கையும் இல்லை என்றார். மிஸஸ் தம்பையாவின் வயதையும் நிலைமையையும் பார்த்துக் கடுமையாக எச்சரித்து விட்டுவிட்டார்களாம். ஜெரால்டின் வீட்டில் பழைய தோட்டாக்கள் சில கண்ணாடிப் பெட்டியில் இருந்தனவாம். அவர்மேல் வழக்கு நடந்தது. அதன்பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

எழுந்துகொள்ளும்போது அதிகாரி சொன்னார்: "ஆன்ட்டி, அன்னைக்கு நாங்க அவங்க மகள் வீட்டுக்குப் போனதும், நாங்க கேக்குறதுக்கு முன்னாடியே அந்தம்மா சொல்லிட்டாங்க. 'அது எங்கட வீட்டுச் சாமான். ரேடியோவுக்குள்ள இருக்கிறது எனக்குத் தெரியும். கொண்டுபோன பிள்ளைக்கு ஒண்டும் தெரியாது'ன்னு. நீங்க சொன்னதும் அவங்க சொன்னதும் ஒண்ணா இருந்துச்சு. அதுதான் உங்க ரெண்டு பேரையும் காப்பாத்துச்சு."

நான் மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அந்தக் காராங்கூனிக்காரனை மட்டும் நான் அன்று சொல்லியிருந்தால், அந்த அம்மாளின் உண்மைக்கும் என் பொய்க்கும் நடுவே நான் மாட்டியிருப்பேன். இரக்கப்பட்டுச் சொல்லும் பொய், யாருக்காகச் சொல்கிறோமோ அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

ஆனால் வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது வேறொன்று உறைத்தது. அவருக்குத் தெரியும் என்று அதிகாரி சொன்னாரே. தெரிந்துதான் அந்தப் பெட்டியை என் வேனில் ஏற்றவிட்டார்.

அந்தக் கோபத்தோடுதான் சிராங்கூனுக்குப் போனேன். மகள் கதவைத் திறந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் இறுகியது. உள்ளிருந்து குரல் கேட்டது.

"அந்தப் பிள்ளையோ? வரச் சொல்லு."

மிஸஸ் தம்பையா சன்னலோரம் உட்கார்ந்திருந்தார். முன்பைவிட இன்னும் மெலிந்திருந்தார். நான் நலம் விசாரிக்கவில்லை.

"உங்களுக்குத் தெரியுமாமே?"

"ஓம்."

"தெரிஞ்சுதான் என்கிட்ட குடுத்தீங்களா?"

"ஓம், பிள்ளை."

அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாமனார் மலாயாவில் ஒரு ரப்பர் தோட்டத்து மருத்துவமனையில் வேலை பார்த்தவர். கம்யூனிஸ்டுகளோடு காட்டில் சண்டை நடந்த காலத்தில் தோட்டத்துத் துரை அவருக்கு அந்த ரிவால்வரைக் கொடுத்திருக்கிறார். மாமனார் இறந்தபின் வானொலியோடு அது மகன் கைக்கு வந்து, எல்லை தாண்டி இங்கே வந்துவிட்டது. மிஸஸ் தம்பையாவின் கணவர் அதைப் போலீஸில் ஒப்படைக்கத்தான் நினைத்தாராம்.

"நாளைக்கு, நாளைக்கு எண்டு விட்டிட்டார். பிறகு சட்டம் இறுகிப்போச்சு. இவ்வளவு நாள் ஏன் சொல்லேல்லை எண்டு கேப்பாங்கள் எண்டு பயம். அடுத்த வருசம் அந்தப் பயம் இன்னும் கூடும். அவர் ஒவ்வொரு பொங்கலுக்கும் அதை எடுத்து எண்ணெய் போட்டுத் துடைப்பார். ஏன் எண்டு கேட்டா, துருப்பிடிச்சா வெடிச்சிடும் எண்டுவார். அந்த மனுசன் செத்தபிறகு நான்தான் திருகாணிக்கு மேல சாயம் பூசினன். ஆர் கதவைத் தட்டினாலும் எனக்கு நெஞ்சு நிண்டு போகும்."

"அதுக்காக என் தலையில கட்டுவீங்களா?"

மகள் சமையலறை வாசலில் வந்து நின்றார். மிஸஸ் தம்பையா என்னை நேராகப் பார்த்தார்.

"உங்களைப் பற்றி விசாரிச்சனான். மூண்டு, நாலு பேரிட்டக் கேட்டன். எல்லாரும் ஒரே மாதிரிச் சொன்னாங்கள். வசந்தா கிடைச்சதை ஒளிக்கமாட்டா, ஒரு மோதிரம் கண்டா அதையும் திருப்பிக் குடுப்பா எண்டு. இதைக் கண்டா நீங்க பொலிசுக்குச் சொல்லுவீங்க எண்டு நினைச்சன். எனக்குச் சொல்லத் தைரியம் இல்லை. லிஃப்டுக்கிட்ட வாய் வரைக்கும் வந்தது. வெளியில வரேல்லை."

இந்தத் தொழிலில் அதைவிட நல்ல பெயரை யாரும் எனக்குத் தந்ததில்லை. அந்த நல்ல பெயருக்காகவே என்னைத் தேர்ந்தெடுத்து, குண்டு போட்ட துப்பாக்கியை என் கையில் கொடுத்திருக்கிறார். உங்களுக்கும் ஒருநாள் அப்படி ஒரு பெயர் வரும். அது வந்த அன்றிலிருந்து, உங்களிடம் பொருளை மட்டும் கொண்டுவர மாட்டார்கள். தங்களால் தூக்க முடியாததை எல்லாம் கொண்டுவருவார்கள். பெட்டியை அவர்கள் வீட்டிலேயே, அவர்கள் கண்முன்னாலேயே திறந்து பாருங்கள்.

மகள் தேநீர் கொண்டுவந்து வைத்தார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு எடுத்துக் குடித்தேன்.

"கோவமோ?" என்றார் மிஸஸ் தம்பையா.

"ஆமா."

"இருக்கட்டும். பயமோ?"

"இன்னும் இருக்கு. கதவு தட்டினா இருக்கு."

அவர் தலையை ஆட்டினார். பிறகு என் கைமேல் தன் கையை வைத்தார். எலும்பும் தோலுமான அந்தக் கை சூடாக இருந்தது.

"நாங்கள் கன வருசம் சொல்லாமல் வச்சிருந்தனாங்கள். அவருக்கு அந்தப் பயம் சாகும்வரைக்கும் போகேல்லை. நீங்க கண்ட அண்டைக்கே சொல்லிப்போட்டீங்க," என்றார். "உங்களுக்குக் கெதியாப் போயிடும், பிள்ளை."